வளையம் விழாத இலை

சென்ற ஞாயிற்றுக்கிழமை குளியலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் பெங்களூரிலிருந்து வந்து போனபோது விட்டுச் சென்ற கிரீம் குப்பி ஒன்று கையில் தட்டுப்பட்டது. என்னத்தைப் பூசிக்கொள்கிறாள் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இதில் இல்லையாம். தோல் தன்னைத் தானே கிருமியிலிருந்து காத்துக்கொள்ளும் சக்தியை ஒரு செடியின் சாறு தூண்டிவிடுமாம்.

ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். அது உன் வாக்கியம். அதைச் சொன்னதற்காக ஓர் அறை முழுக்க உன்னைப் பார்த்துச் சிரித்தது. இப்போது அதைக் குப்பியில் அச்சடித்து விற்கிறார்கள், சிரிக்காமல். மூடியைத் திறந்து முகர்ந்தேன். ரோஜா வாசனை. உன் சாற்றில் அது கிடையாது. காய்ந்த வைக்கோலும் ஸ்பிரிட்டும் சேர்ந்த ஒரு நெடி. உன் துப்பட்டாவில் ஏறி வந்து நம் விடுதி அறை முழுக்க நிற்கும். அதற்காக உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். நீ துப்பட்டாவைக் கழற்றி என் முகத்தில் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாய்.

நாம் தஞ்சாவூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது தொண்ணூறுகள் பாதி கடந்திருந்தன. ஊருக்கு ஊர் கேபிள் கம்பி வந்து, பெட்டிக்கடைகளில் ஷாம்பூப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்திருந்தன. திடீரென்று எல்லாவற்றுக்கும் மூலிகை வேண்டியிருந்தது. நம் பேராசிரியருக்குச் சென்னையில் ஒரு கிரீம் கம்பெனி கிடைத்தது. செடிகளைச் சோதித்து, எது கிருமியைக் கொல்கிறது என்று படத்தோடு காட்ட வேண்டும். அவரிடம் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு செடி. எனக்கு மட்டும் நெற்பயிரின் குலைநோய். கம்பெனிக்கும் எனக்கும் ஒட்டில்லை. உனக்குச் செடியை நீயே தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கொடுத்தார். கூத்தாநல்லூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த முதல் பெண் என்று வருகிறவர்களிடமெல்லாம் உன்னை அறிமுகப்படுத்துவார். அது உண்மையா என்று அவரும் விசாரித்ததில்லை, நீயும் மறுத்ததில்லை.

சம்பா நடவு நேரத்தில் என்னோடு எங்கள் ஊருக்கு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்தாய். அம்மா வயலிலிருந்து ஏறி வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருந்தது. சேற்றுப்புண். வரப்போரம் படர்ந்து கிடந்த பொடுதலையைப் பிடுங்கிக் கல்லில் நசுக்கி இடுக்கில் திணித்துக்கொண்டாள்.

“ஆறிடுமாம்மா?” என்றாய்.

“ஆறுனாலும் ஆறும், ஆறாட்டியும் இல்ல. கைக்கு ஆப்புடுதேன்னு வைக்கிறதுதான்.”

உனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கட்டாயம் ஆறும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்று திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய். அன்று நடவுப் பெண்களின் கால்களை ஒவ்வொருவராகக் காட்டச் சொல்லிக் குனிந்து பார்த்தாய். அவர்கள் கூசிப்போய்ப் புடவையை இழுத்து மூடிக்கொண்டார்கள். தோலே போய்ச் சதை தெரிந்த இடங்களில் இலை ஒன்றும் செய்யவில்லை. ஓரத்தில் தோல் மிச்சமிருந்த இடங்களில்தான் ஆறத் தொடங்கியிருந்தது. நான் அந்தக் கால்களைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள். எனக்கு அது கண்ணில் பட்டதில்லை.

நீங்கள் எல்லோரும் செய்த சோதனை எளிமையானது. வட்டத் தட்டில் கிருமியைப் பரப்பி, சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையை நடுவில் வைப்பீர்கள். சாறு கிருமியைக் கொன்றால் வில்லையைச் சுற்றி வெறுமையாக ஒரு வளையம் தெரியும். கம்பெனிக்கு வேண்டியது அந்த வளையத்தின் படம். உன் தட்டில் வளையம் விழவில்லை. தண்ணீரில் எடுத்தாய், ஸ்பிரிட்டில் எடுத்தாய், காய்ச்சி எடுத்தாய். கிருமி வில்லையின் விளிம்பு வரை வந்து செழித்து நின்றது.

“உன் இலை கிருமிக்குச் சாப்பாடு போடுதும்மா,” என்றார் பேராசிரியர், வாராந்திரக் கூட்டத்தில். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்போது அது சாதாரணச் சிரிப்புதான்.

உன் பக்கத்து மேசைக்காரன் தன் சாற்றில் கிருமி கொல்லும் மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கலந்தான். நல்ல பெரிய வளையம். பேராசிரியருக்கு அது தெரியும். தெரிந்துதான் அவனைப் பாராட்டினார். “புத்திசாலிப் பிள்ளைங்க எப்படியும் ரிசல்ட் கொண்டாந்துடுவாங்க,” என்று உன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உனக்குப் புரிந்தது. நீ மாத்திரையைத் தேடிப் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதித் துவைகல்லில் துணியை அடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாய்.

“நாம தப்பான கேள்விய கேக்குறோம்டி. எல கொல்லுதான்னு பாக்குறோம். கொல்றது தோலா இருந்தா?”

எனக்கு விளங்கவில்லை என்றேன்.

“தோலுன்னா என்னன்னு நெனக்கிற, மேல போத்துன துணின்னா? அதுல ஒவ்வொரு செல்லும் கிருமிக்குன்னு ஒரு விஷத்தக் காய்ச்சுது. குட்டிக் குட்டிப் புரதம். கிருமி வந்து ஒட்டுனா அதும் மேல ஓட்டை போட்டுடும். தவளைத் தோல்ல கண்டுபுடிச்சிருக்காங்க. நம்ம தோல்லயும் இருக்கு. காயம் பட்டா நெறைய காய்ச்சும், சும்மா இருக்கும்போது சோம்பிக் கெடக்கும். இந்தச் சாறு போயி அத எழுப்பி விடுதுன்னு வச்சுக்க. நம்ம தட்டுல தோலே இல்லியே. யாரப் போயி எழுப்பும்?”

சோப்பு நுரை முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. நீ அதைத் துடைக்கவில்லை.

தோலுக்கு எங்கே போவது? உயிருள்ள மனிதத் தோல் வேண்டும். உன் அத்தா மலேசியாவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பி, கூத்தாநல்லூரில் துணிக்கடை வைத்திருந்தார். சுன்னத்தில் எடுக்கும் தோல் கிடைக்குமா என்று ஒரு மகள் தகப்பனிடம் எப்படிக் கேட்பாள்? நீ சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாயாம். அவர் துணியை மடித்துக்கொண்டே, “எத்தன வேணும்?” என்றாராம். இதை எத்தனையோ தடவை எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் உன்னால் சிரிப்பை அடக்க முடியாது.

டாக்டரிடம் கொண்டுபோய்ச் சுன்னத் செய்யும் வழக்கம் அப்போது பரவியிருந்தது. அத்தா தெரிந்த டாக்டர் ஒருவரிடம் பேசினார். பெற்றவர்களிடம் நீயே வீடு வீடாகப் போய்க் கேட்டாய். “மண்ணுல பொதைக்கிறதுதானே. படிப்புக்குன்னா எடுத்துக்கம்மா. வேல முடிஞ்சதும் மறக்காம பொதச்சுடு,” என்றார்கள். புதைத்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் வாக்குக் கொடுத்தாய். ஐஸ் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு மன்னார்குடி வழியாகப் பஸ்ஸில் வருவாய். குடுவைக்குள் என்ன என்று கேட்டவர்களிடம் மருந்து என்று சொல்வாய். பொய் சொல்லவில்லை என்பாய் என்னிடம்.

தோல் துணுக்குகளை ஊட்டநீரில் மிதக்க விட்டாய். பாதிக்கு இலைச்சாறு, பாதிக்கு வெறும் நீர். மறுநாள் சாறு போக நன்றாகக் கழுவி, வேறு நீருக்கு மாற்றினாய். அந்த நீரில் வில்லையை நனைத்துத் தட்டில் வைத்தாய். சாறு மட்டும் வைத்த வில்லையைச் சுற்றி ஒன்றுமில்லை. சாறு படாத தோலின் நீரில் கண்ணைச் சுருக்கினால் தெரியும் ஒரு மங்கல். சாறு பட்ட தோலின் நீரில் வளையம். வேகவைத்துக் கொன்ற தோலுக்கும் சாறு விட்டுப் பார்த்திருந்தாய். அதில் ஒன்றும் இல்லை. உயிருள்ள தோல்தான் செய்திருக்கிறது.

தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய். “பாருடி. எந்திரிச்சிருச்சு,” என்றாய், ஏதோ தூங்கும் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல் மெதுவாக. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையை விரித்து உன் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பத் திரும்பச் செய்தாய். எல்லாத் தடவையும் வரவில்லை. சில குழந்தைகளின் தோல் எழுந்தது, சிலருடையது எழவில்லை. ஒவ்வொரு தட்டையும் சன்னலோரம் வைத்துப் படம் எடுத்து, அதையும் அப்படியே எழுதி வைத்தாய்.

கம்பெனியிலிருந்து டை கட்டிய இருவர் வந்த அன்று ஒவ்வொருவரும் தம் வேலையைக் காட்ட வேண்டியிருந்தது. நீ கரும்பலகையில் தோலை வரைந்து, இலை கொல்வதில்லை, தோலை எழுப்புகிறது என்று சொன்னாய். இருவரில் ஒருவர் தோல் எங்கிருந்து என்று கேட்டார். நீ மறைக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் மூக்கால் சிரித்தான். பேராசிரியர், “அப்ப நம்ம கிரீம்ல அதையும் ஒரு ஸ்பூன் கலந்துடலாமா?” என்றார். அறை சிரிப்பில் வெடித்தது. டை கட்டியவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாக்குக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நீ காத்திருந்தாய். சிரிப்பு அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாய். பேராசிரியரால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அன்று மாலைக்குள் உனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒஸ்தா. சுன்னத் செய்பவரை உங்கள் ஊரில் அப்படிச் சொல்வார்கள். அதை எவனோ விசாரித்துக்கொண்டு வந்திருந்தான். நீ ஆய்வகத்துக்குள் நுழைந்தால் ஆண்கள் மடியைப் பொத்திக்கொண்டு எழுந்து நிற்பார்கள். பேராசிரியரும், “ஒஸ்தாவ வரச்சொல்லு,” என்று ஆளனுப்பத் தொடங்கினார். “அதுவும் ஒரு தொழில்தானேடி, அதுல கேவலம் என்ன இருக்கு?” என்றாய் என்னிடம். ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாய். உனக்கு நான் தட்டில் எடுத்து வந்து தருவேன். பாதியைத் தின்றுவிட்டுப் போதும் என்பாய்.

அதுவும் போதாமல் பேராசிரியர் உன் அத்தாவுக்குச் சொல்லி அனுப்பினார். மகளைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், கையில் ஒரு பெட்டி தம்ரூட் இனிப்புமாக வந்தார். பேராசிரியர் அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. மேசைமேல் உன் புட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

“பாய், உங்க பொண்ணு இங்க என்ன வேல பாக்குதுன்னு தெரியுமா? இது என்னன்னு தெரியுதா?”

அத்தா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு புட்டிக்குள் பார்த்தார். “தெரியுதுங்க சார். நான்தான் கேட்டு வாங்கிக் குடுத்தேன்.”

“கல்யாணம் ஆகாத பொண்ணு கையில எடுத்துப் பாக்குற சாமானா இது?”

“பச்சப் புள்ளைங்களோட தோலு சார். அதுல பாக்கக் கூடாதது என்ன இருக்கு?” என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “அதுலேருந்து ஏதோ நல்லது வந்திருக்குன்னு மக சொன்னுச்சு. அதப் பத்திச் சொல்லுவீங்கன்னுதான் வந்தேன்,” என்றார்.

பேராசிரியர் தம்ரூட் பெட்டியை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினார். “இத எடுத்துட்டுப் போங்க. லேப்ல திங்கிற சாமான் வைக்கக் கூடாது.” அத்தா பெட்டியை எடுத்துக்கொண்டு, “வர்றேங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். உன் தலையைத் தொட்டார். வாசலில் காவலாளியிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஃப்ரீசரைத் திறந்தாய். தோல் புட்டிகளை வைத்திருந்த உன் அடுக்கு காலியாக இருந்தது. கழுவித் துடைத்திருந்தார்கள். எங்கே என்று கேட்டதற்கு, சாமான் கழுவுகிற அக்கா கட்டடத்தின் பின்பக்கம் கையைக் காட்டி, “சார்தான் சொன்னாரு பாப்பா,” என்றாள். பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி, கேண்டீன் குப்பையெல்லாம் கொட்டுமிடம். புட்டிகள் உடைந்து கிடந்தன. நமக்கு முன்னால் நாய்கள் வந்துவிட்டிருந்தன.

நீ செருப்பைக் கழற்றி எறிந்தாய். நாய் வாயில் கவ்வியதோடு ஓடியது. அப்புறம் மண்டியிட்டு, எச்சில் சோற்றுக்கும் டீத்தூளுக்கும் நடுவில் கையால் துழாவ ஆரம்பித்தாய். நானும் துழாவினேன். கண்ணாடிச் சில்லு கையைக் கிழித்தது. கிடைத்ததை உன் கைக்குட்டையில் கட்டி, மதிலோரம் குச்சியால் தோண்டிப் புதைத்தாய். எல்லாம் கிடைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மாடிச் சன்னலில் பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார். கையில் டீ கிளாஸ். நம்மைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தார்.

“அவங்ககிட்டல்லாம் வாக்குக் குடுத்தேன்டி,” என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

அவர் உன்னை நீக்கவில்லை. நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். உன் ஆய்வுத் தாள்களில் கையெழுத்துப் போடாமல் இருந்தார். நீ எப்போது போனாலும் வேலையாக இருந்தார். ஒரு நாள் நீ பெட்டியைக் கட்டினாய். நான் வேறு பேராசிரியரிடம் மாறிக்கொண்டேன். அதில் என் காலமும் கொஞ்சம் வீணாயிற்று. மதிலோரத்துக்கு மட்டும் அவ்வப்போது போய் நாய் தோண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

உன்னை ஷார்ஜாவில் வேலை பார்ப்பவருக்குக் கட்டி வைத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. நீ என்ன படித்தாய் என்று ஒரு நாளும் கேட்காதவர். போனில் நீ சொல்வதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். வெயில், மகனின் பள்ளிக்கூடம், லிஃப்டில் கூட வரும் மலையாளத்து அக்கா. சூப்பர் மார்க்கெட்டில் கிரீம் அடுக்கின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் படிப்பாயாம். “எல்லாத்துலயும் கொல்றேன், கொல்றேன்னுதான்டி எழுதியிருக்கான். ஒருத்தன்கூட எழுப்புறேன்னு எழுதல,” என்றாய். வீட்டுக்காரர் எதிரில் நின்று, எதையாவது எடு அல்லது வை என்று அவசரப்படுத்தினாராம்.

ஒரு கோடை விடுமுறைக்கு மகனோடு ஊருக்கு வந்தாய். சிறுநீர்க் கடுப்புக்கு மாத்திரை சாப்பிட்டாய். எத்தனையோ பேர் தின்று ஒன்றும் ஆகாத மாத்திரை. அரிதாக யாரோ ஒருவருக்கு அது சேராமல், உடம்பு தன் தோலைத் தானே கழற்றிப் போட்டுவிடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் கண் சிவந்தது. வாய் வெந்தது. தண்ணீர் கொடுக்க உன் அம்மா முதுகில் கை கொடுத்துத் தூக்கியிருக்கிறார். கையை எடுத்தபோது தோல் கையோடு வந்துவிட்டது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கொசுவலைக்குள் கிடந்தாய். துணி விரித்தால் சதையோடு ஒட்டிக்கொள்கிறது என்று வாழையிலையில் எண்ணெய் தடவி அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். இலை வாடினால் மாற்ற வேண்டும். மாற்றும்போது நீ கத்துவது வராந்தாவில் இருந்த எங்களுக்குக் கேட்கும். இலை வாங்கி வருவது அத்தாவின் வேலை. விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய்க் கிழிசல் இல்லாத தலைவாழை இலையாகப் பார்த்து வாங்குவார். கடைக்காரர், “என்ன பாய், வீட்டுல விசேஷமா?” என்று கேட்டிருக்கிறார். “ஆமாப்பா,” என்றாராம். மறுநாளும் போனபோது, “இன்னுமா பந்தி முடியல?” என்று கடைக்காரர் சிரித்தாராம். அதை அத்தா என்னிடம் சொல்லிவிட்டு, இலைக்கட்டைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்றார்.

வாயை மறைத்துக் கட்டிக்கொண்டு நான் உள்ளே வந்தேன். உன் இமைகள் ஒட்டியிருந்தன. குரலைக் கேட்டு அடையாளம் கண்டுகொண்டாய். உதடு அசைந்தால் ரத்தம் வந்தது. பேசாதே என்றேன். நீ எப்போது நான் சொன்னதைக் கேட்டிருக்கிறாய்?

“கீழ என்ன எல?”

“வாழ எலடி.”

தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன்.

“எல இருந்து என்ன பண்றது,” என்றாய். “எழுப்புறதுக்குத் தோல் வேணும்ல.”

நீ சொன்னது சரியாக இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை என்பதால் அது தப்பாகிவிடுமா?

“ஜொரம் எவ்வளவு ஏறியிருக்கு?” என்று கேட்டாய். கொஞ்சம்தான் என்று மழுப்பினேன். “நடுங்குதே. அப்ப உள்ள போயிருச்சு,” என்றாய். தட்டைப் பார்த்து முடிவு சொல்லும் அதே குரல். ரத்தத்துக்குள் கிருமி போய்விட்டதைத் தன் உடம்பிலிருந்தே படித்துச் சொன்னவள் நீ. “பையன உள்ள விடாதீங்க,” என்றாய் கடைசியாக. அவனை விடவில்லை. அவன் வராந்தாவில் உட்கார்ந்து, தாத்தா வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் பகலில் போய்விட்டாய். குளிப்பாட்டித்தான் அடக்கம் செய்ய வேண்டும். உன்மேல் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. அதனால் மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் லேசாகத் தடவினார்களாம். அதற்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது என்று உன் அம்மா சொன்னார். “கைய வைக்க எடமில்லம்மா,” என்றார். அந்த ஒரு வரியைத்தான் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் வீட்டுக்காரர் அடுத்த ஆண்டு மறுமணம் செய்துகொண்டார். ஆண்டுகள் போயின. வெளிநாட்டு ஆய்வகங்களிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்தி வரத் தொடங்கியது. இந்தச் செடியிலிருந்து பிரித்தது, அந்தச் செடியிலிருந்து பிரித்தது, தோல் செல்களை உசுப்பி அவற்றின் சொந்தப் புரதங்களைக் கூட்டுகிறது என்று. உன் பொடுதலையை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. அதில் நீ கண்டது முழுக்கச் சரிதானா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. ஒரே மேசை, கொஞ்சம் துணுக்குகள், சில தட்டுகள். ஆனால் துவைகல்லில் நீ கேட்ட கேள்வி சரியானது. அதை உலகம் கேட்க ஆரம்பித்திருந்தது.

கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு நம் பேராசிரியர் சிறப்புரை ஆற்ற வந்தார். தலை வெளுத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. செடிகளும் தோலின் இயற்கைப் பாதுகாப்பும் என்பது தலைப்பு. திரையில் ஒரு தட்டின் படம் வந்தது. சன்னல் கம்பியின் நிழல் விழுந்த தட்டு. அது உன் தட்டு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. “உலகம் இப்பத்தான் பேசுது. இத நாங்க தஞ்சாவூர்ல அப்பவே பாத்துட்டோம்,” என்றார்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். “சார், அந்தத் தட்டு யாரோடது?”

“லேப்ல ஒரு பொண்ணு பண்ணுச்சு. கல்யாணம் பண்ணிக்கிட்டு கல்ஃப் போயிடுச்சு. நம்ம பொண்ணுங்ககிட்ட அதானே பிரச்சன.” முன்வரிசை புன்னகைத்தது.

நான் உன் பெயரைச் சொன்னேன். உன் அத்தாவின் பெயரையும் சேர்த்து, முழுதாகச் சொன்னேன். அவருக்கு நினைவு வரவில்லை. நெற்றியைச் சுருக்கினார். திடீரென்று முகம் மலர்ந்தது. “ஆங், ஒஸ்தா,” என்றார்.

“அவ செத்துட்டா சார்.”

“அடடா,” என்றார். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். “அடுத்த கேள்வி?”

அவரும் போன மாதம் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே, ஒரு வலியும் இல்லாமல், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வீட்டில் இருக்கும்போது என்று சொன்னார்கள். மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் போட முடிவு செய்தார்கள். எனக்குப் போன் செய்தது யார் தெரியுமா? உன் பக்கத்து மேசைக்காரன், மாத்திரை கலந்தவன். இப்போது பெரிய பதவியில் இருக்கிறான். நீங்களும் சாரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றான். எழுதி அனுப்பினேன். தம்ரூட் பெட்டியை எழுதினேன். சிமெண்டுத் தொட்டியை எழுதினேன். நாய்களை எழுதினேன். சன்னலில் நின்று டீ குடித்ததையும் எழுதினேன்.

இரண்டு நாளில் கூப்பிட்டான். “மேடம், செத்தவரப் பத்தி நல்லதா நாலு வரி எழுதக் கூடாதா?”

“செத்தவங்க ரெண்டு பேரு,” என்றேன்.

மலர் வந்துவிட்டது. என் பக்கம் அதில் இல்லை. உன் அத்தா இருந்திருந்தால், போகட்டும் விடும்மா என்றுதான் சொல்லியிருப்பார். நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். ஷார்ஜாவிலிருந்து பேசிய இத்தனை பேச்சில் பேராசிரியரைப் பற்றி நீ ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அது உன் குணம். எனக்கு அது வரவில்லை. வயது ஏற ஏற எல்லாம் தணிந்துவிடும் என்றார்கள். என் முழங்கால் தேய்ந்துவிட்டது, கண் மங்கிவிட்டது, பெயர்கள் மறக்கின்றன. இந்தக் கோபம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. காலையில் என்னோடு எழுந்து, என்னோடு பஸ் ஏறி, என்னோடு வகுப்புக்கு வருகிறது. நீ வைத்துக்கொள்ள மறுத்ததை நான் வைத்திருக்கிறேன். நான் போகிறவரை அது இருக்கும்.